பதினான்கு வயதுச் சிப்பாய்

ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் நாம் யோசிப்போம். இது என்ன தாள், எதற்கு என்று கேட்போம். 1915-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு தாய் அப்படி யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் பெயர் அமீலியா மார்ட்டின். தம் ஒரே மகன் போருக்குப் போகச் சம்மதம் என்ற கடிதம் அது.

மகனின் பெயர் ஜேம்ஸ். ஜிம் என்று கூப்பிடுவார்கள். 1901 ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவன். பள்ளியை விட்டபின் பண்ணையில் வேலை செய்தான்.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. ஆஸ்திரேலியா பிரிட்டிஷ் பேரரசைச் சேர்ந்த நாடு. ஆகவே அதுவும் போரில் இறங்கியது. ஜிம்மின் அப்பா பட்டாளத்தில் சேரப் போனார். அவரை எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் நான் போகிறேன்" என்று ஜிம் கிளம்பிவிட்டான். அப்போது அவனுக்கு வயது 14!

பட்டாளத்தில் சேர 21 வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தால் 18 வயது போதும். அம்மா மறுத்தார். மகன் விடவில்லை. "வேறு பெயரில் சேருவேன், கடிதமே போடமாட்டேன்" என்று மிரட்டினான். சம்மதித்தால் கடிதம் எழுதுவதாகச் சொன்னான். பிள்ளை எங்கே இருக்கிறான் என்றாவது தெரியுமே! தாய் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 12-ஆம் நாள் ஜிம் வயது 18 என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். ஆள் வளர்த்தியாக இருந்தான். யாரும் சந்தேகப்படவில்லை. ஜூன் மாதம் மெல்போர்னில் கப்பல் ஏறி எகிப்து போனான். அங்கிருந்து துருக்கி நாட்டின் கலிப்போலிக்குப் பயணம். செப்டம்பர் 2-ஆம் நாள் அவன் போன கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. ஜிம் நான்கு மணி நேரம் கடலில் கிடந்து பிழைத்தான்.

கலிப்போலியில் வீரர்கள் பதுங்கு குழிகளில் இருந்தார்கள். நம் இந்திய வீரர்களும் அங்கே போரிட்டார்கள். நல்ல தண்ணீர் குறைவு. எங்கும் ஈக்கள். ஈக்கள் பிணத்தில் உட்காரும், மலத்தில் உட்காரும், பிறகு சாப்பாட்டில் உட்காரும். குண்டுக்குத் தப்பியவர்களையும் நோய் பிடித்தது.

ஜிம் சொன்னபடி கடிதங்கள் எழுதினான். கவலைப்பட வேண்டாம் என்றுதான் எழுதுவான். வீட்டிலிருந்து தனக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்று அக்டோபரில் எழுதினான். போர்க்காலத்துத் தபால் அப்படி.

அவனுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. கெட்ட தண்ணீராலும் உணவாலும் பரவும் காய்ச்சல் இது. அக்டோபர் 25-ஆம் நாள் அவனை மருத்துவமனைக் கப்பலில் ஏற்றினார்கள். அன்று மாலையே இதயம் நின்றுவிட்டது. வயது 14 ஆண்டு 9 மாதம். உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். கப்பலின் தலைமை நர்ஸ் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

கலிப்போலியில் 8,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். துருக்கியர் அதைவிடப் பல மடங்கு. ஜிம்முக்குக் கல்லறை இல்லை. அங்குள்ள லோன் பைன் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

பேசிப் பாருங்கள்: டைபாய்டு எப்படிப் பரவுகிறது? அமீலியா கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் ஜிம் என்ன செய்திருப்பான்? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?