ஏர் பிஸ்டலின் விசையைச் சீரமைத்தல்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்; சுடப்படும் பெல்லட்டின், அதாவது ஈயக் குண்டின், விட்டம் 4.5 மில்லிமீட்டர்; குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே புள்ளி கிடைத்துவிடும் என்பதால், அதன் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகியிருக்கலாம். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் 340 மில்லிமீட்டர் என்று கொண்டால், முன்குறி தன் இடத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பிசகிய மாத்திரத்தில் அந்த 8 மில்லிமீட்டர் கரைந்துபோகும். சாதாரணமாக ஒரு கிலோ எடையுள்ள அந்தக் கருவியின் விசையை, அதன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு அழுத்தத்தோடு ஒற்றை விரல் இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ட்ரிகர் எனப்படும் விசையின் சீரமைப்பு ஏன் இத்துணைக் கவனத்தைக் கோருகிறது என்பது விளங்கும். இதில் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, சீரமைப்பின் நோக்கம் விசையை இலேசாக்குவது அன்று, ஒவ்வொரு முறையும் அது ஒரே அழுத்தத்தில், ஒரே இடத்தில், ஒரே திசையில் விடுபடச் செய்வதே என்பதாகும்.

காரைக்கால் பகுதியில் உள்ள அம்பகரத்தூர் போன்ற டெல்டா ஊர்களில் இவ்விளையாட்டைப் பயில்வோருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கொல்லைப்புறத்தின் நீளமோ கூடத்திலிருந்து தாழ்வாரம் வரையிலான நீளமோ பத்து மீட்டர் பயிற்சிக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் பழுது பார்க்கும் தேர்ந்த கைவினைஞரை நாடிச் சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருப்பதால், திருகிக் கெடுத்த விசையை மறுநாளே திருத்தி வாங்க வழியில்லை. ஆகவே எதைத் தொடலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற அறிவே இங்கு முதற்கருவியாகிறது.

சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழல் செங்குத்தாக மேல்நோக்கி நிற்க, விசைத் தகட்டின் நடுப்பகுதியில் சோதனை எடையைத் தொங்கவிட்டுச் சமதளத்திலிருந்து தூக்கும்போது, விசை விடுபடாமல் அந்த எடை முழுவதும் தரையை விட்டு எழ வேண்டும்; இதற்கு மூன்று வாய்ப்புகள் மட்டுமே தரப்படும். போட்டி முடிந்த பிறகும் திடீர்ச் சோதனை உண்டு. அதில் தோற்றவரின் புள்ளிகள் எத்துணை உயர்ந்தவையாயினும் அவர் தகுதி இழப்பார். எனவே 500 கிராமுக்கு மிக நெருக்கமாக விசையை வைப்பது வீண் துணிவாகும். தூசியாலும் எண்ணெயின் தன்மையாலும் விசையின் எடை சில கிராம்கள் மாறக்கூடும் என்பதால், 510 முதல் 520 கிராம் வரை வைத்துக்கொள்வதே அனுபவம் காட்டும் அளவு. அந்தப் பத்து இருபது கிராம் வேறுபாட்டை விரல் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே அளந்துகொள்ள விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மளிகைக் கடையில் பயன்படும் முத்திரையிட்ட அரைக் கிலோ எடைக்கல், ஒரு கெட்டியான கம்பிக் கொக்கி, கூடுதல் எடைக்குச் சில நாணயங்கள் ஆகியவை போதும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம் நிறைகொண்டது. கொக்கியின் எடையையும் கயிற்றின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி நகைக்கடைத் தராசில் ஒரு முறை நிறுத்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கொக்கி தகட்டின் நடுவிலேயே அமர வேண்டும். கீழ்முனைக்கு அது நழுவினால் நெம்புகோலின் நீளம் கூடி, விசை உள்ளதைவிட இலேசானதாகத் தோன்றும். அதே காரணத்தால், சுடும் விரல் தகட்டில் ஒரு நாள் உயரவும் மறுநாள் தாழவும் அமர்ந்தால், திருகு எதுவும் அசையாமலே விசையின் எடை மாறியதாக உணரப்படும். விசை கெட்டுவிட்டது என்று எழும் புகார்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவையே.

உள்ளமைப்பைச் சுருக்கமாகக் கூறினால், விசையின் இழுப்பு இரண்டு கட்டங்களாகப் பிரிகிறது. முதல் கட்டத்தில் தகடு ஒரு மெல்லிய சுருள்வில்லை எதிர்த்துச் சில மில்லிமீட்டர் தடையின்றிப் பின்னோக்கி நகர்ந்து, ஒரு தெளிவான தடுப்பை அடைந்து நிற்கிறது. இரண்டாம் கட்டத்தில் அத்தடுப்பின்மேல் கூடும் சிறு அழுத்தம், சியர் எனப்படும் கொக்கியை அதன் பிடியிலிருந்து நழுவச் செய்ய, அடிசுத்தி விடுபட்டு வால்வைத் தட்டி, அளவான காற்றைக் குண்டின்பின் செலுத்துகிறது. மொத்த எடை இவ்விரு கட்டங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால், முதற் கட்டத்துக்கு 350 முதல் 400 கிராமும் எஞ்சியது இரண்டாம் கட்டத்துக்கும் என்று வைத்துக்கொள்வோர் பலர். முதற் கட்டத்தின் கனம் விரலுக்கு உறுதியான இருப்பைத் தருகிறது. இரண்டாம் கட்டம் மிக இலேசாகிவிட்டால் தடுப்பு எங்கே என்பதே தெரியாமல், எண்ணாத நேரத்தில் குண்டு பாய்ந்துவிடும். அது மிகக் கனமானால் விரல் தயங்கித் தயங்கி இறுதியில் வெட்டி இழுக்கும். புதிதாகப் பயில்வோருக்கு இரண்டாம் கட்டத்தின் தடுப்பு தெளிவாகத் தெரியும்படி வைப்பதே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

எந்தத் திருகைத் தொடுமுன்னும் பிஸ்டலில் குண்டில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக் குழலில் பாதுகாப்புக் கொடியைச் செருக வேண்டும். குழல் எப்போதும் ஆளில்லாத திசையை நோக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கு எதுவும் இல்லை.

சீரமைப்பு, பெரும்பாலோர் செய்வதுபோல், விசையின் எடையைக் கூட்டிக் குறைக்கும் எடைத் திருகில் தொடங்காமல், தகட்டின் இருப்பிடத்தில் தொடங்க வேண்டும். பிடியைப் போட்டியில் பற்றுவது போலவே பற்றி, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை இயல்பாக வளைத்தால் அதன் முதற்கணுவின் நடுச்சதை எங்கே வந்து நிற்கிறதோ அங்கே தகடு வர வேண்டும். விரல் தகட்டைத் தேடிப் போகக் கூடாது. விரலின் அடிப்பகுதி மரப்பிடியைத் தொடாமல் சிறு இடைவெளி இருப்பதும், இழுப்பின் திசை குழலுக்கு நேர் இணையாகப் பின்னோக்கி அமைவதும் இன்றியமையாதன. தகடு மிக அருகில் இருந்தால் விரல் அதிகம் நுழைந்து, வலக்கையாளரின் குழலை ஒரு பக்கம் இழுக்கும். மிகத் தொலைவில் இருந்தால் விரல்நுனி மட்டுமே எட்டி எதிர்ப்பக்கம் தள்ளும். தகட்டைச் சற்றே சாய்க்கவும் சுழற்றவும் வசதியுள்ள பிஸ்டல்களில், விரலின் சதை தகட்டின் முழு அகலத்திலும் ஒரே சீராகப் பதியும் வரை மாற்றிப் பார்க்கலாம். இவ்வொரு வேலைக்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் அது மிகையன்று. தகட்டின் இடம் மாறும்போது நெம்புகோலின் அளவும் மாறக்கூடுமாதலால், அதன் பின்னரே எடையை அளக்க வேண்டும்.

எடைத் திருகுகளை அடுத்து வருவது சியரின் பிடிப்பு. பிடிப்பு அதிகமாயின் இரண்டாம் கட்டத்தில் விசை சொரசொரவென்று நகர்ந்து நகர்ந்து விடுபடும். குறைவாயின் கூர்மையாக விடுபடும், ஆயினும் ஓர் அதிர்ச்சியிலேயே தானாக விடுபடும் ஆபத்தும் கூடவே வரும். குண்டில்லாத பிஸ்டலை ஏற்றி, பிடியின் அடிப்புறத்தை உள்ளங்கையால் பலமுறை தட்டியும் விடுபடாதிருந்தால்தான் பிடிப்பு போதுமானது. தொழிற்சாலையில் அமைந்த பிடிப்பை மாற்ற வேண்டிய தேவை அரிதே என்பதால், இத்திருகைத் தொடாமல் இருப்பதே டெல்டாவின் தனித்த பயிற்சியாளருக்கு ஏற்ற வழி. விசை விடுபட்டபின் தகடு மேலும் பின்னோக்கி ஓடாதபடி தடுக்கும் நிறுத்துத் திருகோ எளிதானது: விசை விடுபடாத அளவுக்கு அதை உள்ளே திருகி, பிறகு விடுபடும் புள்ளிக்கு அப்பால் ஒரு மயிரிழை இடம் விட்டு நிறுத்த வேண்டும். இடமே விடாமல் இறுக்கினால், சிறு தூசி சேர்ந்தாலும் போட்டியின் நடுவே விசை விடுபடாமல் நின்றுவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே திருகு, அதுவும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பப்பட வேண்டும்; ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடும் திசையோடும் குறிப்பேட்டில் எழுதி, திருகின் தலைக்கும் உடற்பகுதிக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இட்டுவைத்தால், தன்னால் தளர்ந்த திருகையும் உடனே கண்டுகொள்ளலாம். மாற்றத்தை இலக்குத் தாளில் மதிப்பிட அவசரப்படாமல், வெண்சுவரை நோக்கிக் குண்டின்றிச் செய்யும் ட்ரை ஃபயர் பயிற்சியில் முன்குறி விடுபடும் கணத்தில் அசைகிறதா என்று சில நாள்கள் பார்க்க வேண்டும். இப்பயிற்சி, முன்கூட்டியே காற்றேற்றிய சிலிண்டரில் இயங்கி அதற்கெனத் தனி அமைப்பும் கொண்ட போட்டிப் பிஸ்டல்களுக்கே உரியது. சுருள்வில்லால் இயங்கும் விலை குறைந்த பிஸ்டலைக் குண்டில்லாமல் சுட்டால், எதிர்த்து நிற்கக் குண்டில்லாத பிஸ்டன் முனையில் மோதி உறையையும் வில்லையும் சிதைத்துவிடும். வலக்கையாளரின் குண்டுகள் திரும்பத் திரும்ப இடப்பக்கம் கீழே விழுவது, திருகைவிட விரலின் வெட்டிழுப்பையே பெரிதும் காட்டும். சுவர் முன்னே முன்குறி அசையாமல் இருந்தும் தாளில் குண்டுகள் சிதறினால், விசையை விட்டுவிட்டுத் தோளையும் மணிக்கட்டையும் ஆராய வேண்டும்.

கடற்காற்றின் உப்பும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரமும் சேர்ந்த இப்பகுதியில், சியரின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு துரு படிந்தாலும் விசை முன்போல் வழுக்காது. பஞ்சு பதித்த பெட்டி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைப்பதால், மழைக்காலத்தில் பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, சிறிது நேரம் திறந்தபடி காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூட வேண்டும். எண்ணெயை அள்ளி ஊற்றுவது தீர்வன்று. அது தூசியையும் ஈயத் துகளையும் பிடித்துப் பசையாக்கும். ஊசிமுனையில் நிற்கும் துளியே விசையமைப்புக்கு அதிகம். சித்திரை வெயிலில் விரல் வியர்த்து வழுக்கினால், வரி வெட்டிய தகடு உதவும்; எடையைக் குறைத்துப் பயனில்லை.

மின்விசை கொண்ட பிஸ்டல்களில் சியர் இல்லாததால் சொரசொரப்பான நகர்வும் இல்லை. தகடு ஒரு சிறு மின்சுவிட்சைத் தொட, மின்காந்தம் வால்வைத் திறக்கிறது. எடை விதி இவற்றுக்கும் அதேதான். ஆயினும் மின்கலமும் மின்சுற்றும் சேர்வதால் கவனிக்க வேண்டியவை கூடுகின்றன. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நடுவிலேயே பழுதாகி, அதைச் சரிசெய்வதில் அரிய நேரம் கழிந்து, 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் நின்று அவர் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024 ஜூலையில் பாரிஸில் அதே பிரிவில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். தகுதிச் சுற்றின் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் என்ற கட்டுக்குள், கருவி நின்றுபோனால் அமைதியாக இயங்குவதும் ஒரு திறமையே. அதனால் போட்டிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே விசையில் எந்த மாற்றமும் செய்வதை நிறுத்திவிட்டு, தேவையான ஆலன் சாவிகள், மாற்று மின்கலம், குறிப்பேடு ஆகியவற்றைப் பிஸ்டல் பெட்டியிலேயே வைத்து, கருவிச் சோதனைக்குப் போகும் காலையில் காற்றேற்றிய நிலையில் எடையை ஒரு முறை சொந்தக் கையாலேயே தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.