ராபின்சன் கடை சாய்ந்தது யார் மேல்?



பெயர் பெற்ற பெரிய கடை ஒன்று மூடப்பட்டால், நம்மவர் கூடும் இடங்களில் இருவிதமான பேச்சு எழுவது வழக்கம். "காலம் கெட்டுவிட்டது, இனிக் கடை வைத்துப் பிழைக்க முடியாது" என்பார் ஒருவர். "பெரியவன் போனால் சின்னவனுக்கு நாலு வாடிக்கை கூடும்" என்பார் மற்றொருவர். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி சிங்கப்பூர் ராபின்சன் கம்பெனி, மிச்சமிருந்த இரண்டு கடைகளையும் மூடிக் கம்பெனியைக் கலைக்கப் போவதாக அறிவித்தபோதும் இவ்விரு பேச்சும் தாராளமாக நடந்தன. கொரோனா நோயைக் குறை கூறியவர்கள் பலர். இன்டர்நெட் வியாபாரத்தைக் குறை கூறியவர்கள் அதைவிடப் பலர்.

ஆனால் அந்தக் கடை யார் மேல் சாய்ந்தது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. கணக்கை முடித்த வேளையில் சுமார் 440 பேருக்கு அக்கம்பெனி தர வேண்டியிருந்த பாக்கி 3 கோடி வெள்ளிக்கும் அதிகம். அந்த ஜாபிதாவில் அதற்குச் சரக்குக் கொடுத்த வியாபாரிகள் ஏராளம். நம்மில் எத்தனையோ பேர் பெரிய கடைகளுக்குத் துணியும் துவாலையும் பையும் பாத்திரமும் கொடுத்து வருகிறோம். ஆதலின் ராபின்சனின் கதையைக் கடை வாசலில் நின்று பார்ப்பதை விடுத்து, சரக்கு இறக்கும் பின்வாசலில் நின்று பார்ப்பதே நமக்குப் பயன் தரும்.

1858-ஆம் ஆண்டில் பிலிப் ராபின்சன் என்பவரும் ஜேம்ஸ் ஸ்பைசர் என்பவரும் கூட்டாக இக்கடையை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே ஸ்பைசர் விலகிவிட, ராப்பா என்பவர் பங்காளியாகச் சேர்ந்து, 'ராபின்சன் அண்டு கம்பெனி' என்ற பெயர் நிலைத்தது. பின்னர் பல இடங்களுக்கு மாறிய கடை, 1941-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் பிளேஸில் இன்று ஒன் ராபிள்ஸ் பிளேஸ் என்ற உயர்ந்த கட்டிடம் நிற்கும் இடத்துக்குக் குடிபோயிற்று. கோலாலம்பூரிலும் 1928 முதல் கிளை இருந்தது.

ராபிள்ஸ் பிளேஸின் மறுபக்கத்தில் சேஞ்ச் ஆலி என்ற சந்து இருந்ததை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாணய மாற்றுத் தொழிலில் நம்மவர் பலர் வேரூன்றியது அந்தச் சந்திலேதான். அங்கே பேரம் பேசாமல் ஒரு சாமானும் கை மாறாது. சதுக்கத்தைக் கடந்து ராபின்சனுக்குள் போனால், சீட்டில் எழுதிய விலைதான் விலை. இருவகை வியாபாரமும் நூறடி இடைவெளியில் பல காலம் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. சேஞ்ச் ஆலி 1989-இல் மூடப்பட்டது. அதை வைத்து ராபின்சன்தான் கெட்டி என்று நினைத்தவர்களும் உண்டு.

கெட்டியான கடைதான் அது, மறுப்பதற்கில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் சிங்கப்பூர் மேல் போட்ட முதல் குண்டுகளிலேயே ராபிள்ஸ் பிளேஸ் அடிபட்டது, ராபின்சனும் தப்பவில்லை. யுத்தம் முடிந்து 1946-இல் கடை மறுபடி திறந்தது. 1955-இல், தன்னைவிடப் பழமையான ஜான் லிட்டில் கடையையே விலைக்கு வாங்கியது. 1972 நவம்பர் 21-ஆம் தேதி பெருந்தீ மூண்டு கட்டிடம் முழுவதும் எரிந்தது. ஒன்பது உயிர்கள் போயின. அவர்களிற் பலர் லிஃப்டுக்குள் அகப்பட்டவர்கள். அப்படியிருந்தும் ஒரு மாதத்துக்குள் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஸ்பெஷலிஸ்ட்ஸ் சென்டரில் கடை திறந்துவிட்டார்கள். 1983-இல் அங்கிருந்து சென்டர்பாயிண்டுக்கு மாறினார்கள். வருஷாந்தரத் தள்ளுபடி விற்பனைக்கு விடியுமுன்னரே வரிசை நிற்கும். குண்டுக்கும் நெருப்புக்கும் தாங்கிய கடை, பின்னாளில் எதற்குத் தாங்கவில்லை?

கடன் எந்தத் திசையில் ஓடியது என்று பார்த்தால் விடை ஓரளவு விளங்கும்.

பழைய நாளில் துரைமாரும் துரைசானிகளும் சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சாமான் எடுத்துச் சென்று, மாதக் கடைசியில் பணம் கட்டுவார்கள். அக்காலத்து ஐரோப்பியக் கடைகளுக்கெல்லாம் இது பொது வழக்கம். சீமையிலிருந்து கப்பலில் வரும் சரக்கைக் கடை தன் சொந்தப் பணத்தில் கொள்முதல் செய்து, கிட்டங்கியில் இறக்கி, வாடிக்கைக்காரருக்குக் கடனாகக் கொடுத்தது. விற்காமல் தேங்கினால் நட்டம் கடைக்கு. துரை பாக்கி வைத்து ஊருக்குக் கப்பல் ஏறினாலும் நட்டம் கடைக்கே. ஆகவே எந்தச் சரக்கு ஓடும், எது ஓடாது என்று கணிக்கும் கொள்முதல்காரர்களே கடையின் உயிராக இருந்தார்கள்.

உலகெங்கும் டிப்பார்ட்மெண்ட் ஸ்டோர்கள் காலப்போக்கில் இந்த முறையிலிருந்து நழுவின. சரக்கை விலை கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, கடைக்குள் இடம் மட்டும் கொடுப்பது என்ற ஏற்பாடு பரவிற்று. கம்பெனிக்காரன் தன் சரக்கைத் தானே கொண்டுவந்து அடுக்க வேண்டும். விற்கும் பெண்ணுக்குச் சம்பளமும் அவனே கொடுக்க வேண்டும். விற்ற பணம் மட்டும் கடையின் பெட்டியடிக்குப் போகும். கடை தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் கொடுக்கும். கடைக்கு இது சௌகரியந்தான். சரக்கில் முதல் முடங்காது, தேங்கினால் நட்டமில்லை, மேற்கொண்டு பிறர் பணம் எப்போதும் கையில் புரளும். துரைக்குக் கடன் கொடுத்து வந்த வகைக் கடை, சரக்குக்காரனிடம் கடன் வாங்கும் கடையாகிவிட்டது. அதைக் கடன் என்று ஒருவரும் சொல்லவில்லை, 'டெர்ம்ஸ்' என்றார்கள்.

இதிலே இன்னொரு கேடும் விளைந்தது. அதே கம்பெனிகள் அதே பேரங்காடியில் தனிக்கடை வைத்துக்கொண்டன. இன்டர்நெட்டிலும் கடை திறந்தன. அப்படியானால் ராபின்சனுக்குள் போய்த்தான் வாங்க வேண்டும் என்ற அவசியம் வாடிக்கைக்காரருக்கு என்ன? கொள்முதல் செய்யும் கண் மங்கிவிட்டால் கடைக்கென்று ஒரு முகம் இராது. இன்டர்நெட்டின் மேல் பழி போடுபவர்கள் இதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடைமையும் கை மாறியது. நெடுங்காலம் ஓசிபிசி பாங்கு குழுவினர் கையிலிருந்த பங்குகளை 2006-இல் லிப்போ குழுவினர் வாங்கினார்கள். 2008-இல் கம்பெனி துபாய் அல்-புத்தைம் குழுவின் வசமாயிற்று. புதிய முதலாளிகள் சோம்பி இருக்கவில்லை. 2013-இல் ஆர்ச்சர்ட் ரோட்டு ஹீரன் கட்டிடத்தில் ஆறு மாடிகளில், ஏறத்தாழ 1,86,000 சதுர அடியில் பிரமாண்டமான கடை திறந்தார்கள். ஜூரோங் ஈஸ்டில் ஜெம் பேரங்காடியிலும் அவ்வருஷமே ஒரு கிளை. மறு வருஷம் சென்டர்பாயிண்டை விட்டார்கள். ஆறு மாடி வாடகை மழைக்கும் வெயிலுக்கும் மாதா மாதம் நிற்கும். விற்பனை அப்படி நிற்காது. 2016 முடிவில் ஜான் லிட்டில் பெயர் தாங்கிய கடைசிக் கடை மூடப்பட்டது. 2020-இல் நோய்க்கட்டுப்பாட்டினால் ஏப்ரல் முதல் ஜூன் வரை கடைகள் அடைத்திருந்தன. ஆகஸ்டில் ஜெம் கிளை போயிற்று. அக்டோபரில் அறிவிப்பு வந்தது. ஹீரன் கடை டிசம்பரிலும், ராபிள்ஸ் சிட்டி கடை 2021 ஜனவரியிலும் மூடின.

அறிவிப்பு வந்தபின் கடைக்குள் நடந்ததே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி. லிக்விடேட்டர் வந்து உட்கார்ந்ததும் பெட்டியடியும் கணக்கும் அவர் வசமாகிவிடும். மெத்தைக்கு முன்பணம் முழுவதும் கட்டிவிட்டு வீட்டில் காத்திருந்த ஜனங்கள், சாமான் வராது என்று கேட்டுத் திகைத்தார்கள். சில மெத்தைக் கம்பெனிகள் தங்கள் பெயர் கெடக்கூடாதென்று தாங்களே நட்டத்தை ஏற்றுச் சரக்கைக் கொடுத்தன. பணமோ ராபின்சன் பெட்டியில் விழுந்து கலந்துவிட்டது.

சரக்குக்காரன் நிலைமையைச் சட்டப்படி சொன்னால் இப்படியாகும். விற்காமல் அலமாரியில் இருக்கும் சரக்கு, விற்றபின் பணம் என்ற பேரில் கொடுத்ததாக இருந்தால், அது இன்னும் அவனுடையது. ஆனால் தன்னுடையதுதான் என்று காகிதத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும். விற்றுப்போன சரக்கின் பணம், தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கப்படாவிட்டால், வெறும் பாக்கியாகிவிடும். ஈடு வாங்கி வைத்த பாங்கு, கலைப்புச் செலவு, சிப்பந்திகள் சம்பளம் முதலியவை முன்னே போக, மிஞ்சியதைத்தான் மற்றவர்கள் பங்கு போட வேண்டும். நம் பார்வையில் அது அமானிதப் பணம். லிக்விடேட்டரின் பேரேட்டில் 'ஈடில்லாத கடன்' என்ற ஒரே வரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காகவே. ஒரு வியாபாரி பெரிய கடையில் மாதம் 20,000 வெள்ளிக்கு விற்கிறார். கமிஷன் நூற்றுக்கு 30, அதாவது 6,000. அவருக்கு வர வேண்டியது 14,000. அதில் சரக்கின் அடக்கம் 10,000. விற்கும் பெண்ணின் சம்பளம், வண்டிக்கூலி எல்லாம் 2,500. ஆகக் கைக்கு நிற்பது 1,500. பணம் மாதம் முடிந்து 60 நாளில் கிடைக்கும் என்றால், எந்த நாளிலும் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி கடையில் நிற்கும். மாதக் கடைசியில் அது மூன்று மாதம், 42,000 வெள்ளி. கடை அன்றைக்குச் சாய்ந்தால், 28 மாத இலாபம் ஒரே நாளில் போய்விடும். இருபதாயிரத்துக்கு விற்கிறோம் என்று பெருமைப்படும் நம்மவர், அந்த நாற்பத்திரண்டாயிரத்தை ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதினாலும், மனத்திலே அதைக் கையிருப்பாகவே எண்ணிக்கொள்கிறோம்.

இதை எழுதுபவனும் அப்படி எண்ணியவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய கடைக்குப் படுக்கை விரிப்பும் துவாலையும் கொடுத்து வந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் 30 நாளில் செக் வரும். பிறகு 45 நாளாயிற்று. கேட்டால், "கம்ப்யூட்டர் மாற்றுகிறோம் பாய், அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்றார்கள். பின்னர் 75 நாள். கொள்முதல் அதிகாரி மாறினார். புதியவரும் நான்கு மாதத்தில் மாறினார். வருஷத்துக்கு இரண்டாக இருந்த தள்ளுபடி விற்பனை மாதத்துக்கு ஒன்றாயிற்று; அந்தத் தள்ளுபடியில் பாதியை என் கணக்கில் எழுதினார்கள். இவ்வளவையும் கண்டுகொண்டே, நோன்புப் பெருநாள் விற்பனைக்கென்று இரட்டைச் சரக்கு இறக்கினேன். பெரிய இடம், பத்துப் பேர் பார்க்கும் இடம் என்ற ஆசைதான் காரணம். பெருநாள் கழிந்து ஏழாம் வாரம் கடை மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. டெலிவரி ஆர்டர் ஒவ்வொன்றிலும் கடைக்காரர் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததனால் விற்காத சரக்கு திரும்பிற்று. விற்ற பணம் திரும்பவில்லை. மூத்த மகளின் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டோம். சம்பந்தி வீட்டார் நல்லவர்கள், காரணம் கேட்கவில்லை.

செக் தாமதமாவது ஒன்றே போதிய எச்சரிக்கை என்று இப்போது அறிவேன். கிளை மூடுவதும், அலமாரியில் இடைவெளி தெரிவதும், பழைய சிப்பந்திகள் ஒவ்வொருவராக விலகுவதும் அதன் பின்னே வரும். கடையின் வயதையும் பெயரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. ராபின்சனுக்கு வயது 162.

பெரிய கடைக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. வாடகையும் சிப்பந்தியும் தேடி அலையாமல் நல்ல இடத்தில் சரக்கை வைக்க வேறு வழி பலருக்கு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நாம் வாய் திறந்து கேட்கக்கூடியவை உண்டு. விலை முழுவதும் கைக்கு வரும்வரை சரக்கு நம்முடையது என்ற வாசகம். மாதம் ஒருமுறை இருப்புச் சரக்கை எண்ணி இரு தரப்பும் கையெழுத்திடுவது. விற்ற பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது. கடைசியாகச் சொன்னதற்குச் சாமானியமாக இணங்கமாட்டார்கள். எனினும் கேட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை. அதோடு, ஒரே கடையில் நிற்கும் பாக்கிக்கு ஓர் எல்லையை நாமே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எல்லையைத் தொட்டால், எந்தப் பெருநாளானாலும் லாரி கிளம்பக்கூடாது.

ராபின்சன் என்ற பெயரை ஓர் ஆஸ்திரேலியத் துணிக் கம்பெனி வாங்கி, 2021-இல் இன்டர்நெட் கடையாக நடத்த ஆரம்பித்தது. ஆறு மாடியும் கூட்டமும் இல்லாவிட்டாலும், பெயருக்கு அப்போதும் விலை இருந்தது.

என் விஷயத்தில், இப்போது ஒரேயொரு பெரிய கடைக்குத்தான் கொடுக்கிறேன். வாரம் ஒருமுறை கணக்குத் தீர்க்க வேண்டும் என்று கேட்டபோது கொள்முதல் அதிகாரி முகத்தைச் சுளித்தார். "இங்கே யாருக்கும் அப்படிக் கொடுப்பதில்லை, பாய்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றார். கமிஷனில் நூற்றுக்கு 2 கூட்டிக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தேன்.