சந்தை வண்டிக்கு இரண்டாவது பாட்டரி

படப்பை, மணிமங்கலம், மண்ணிவாக்கம் பகுதிகளிலிருந்து கீரை, வெண்டை, கத்தரி ஏற்றிக்கொண்டு சிறு சரக்கு வண்டிகளில் தாம்பரம், பல்லாவரம் பக்கம் வந்து, வண்டியில் வைத்தே விற்கும் விவசாயிகள் உண்டு. விடியுமுன் விளக்கு, மின்னணுத் தராசு, கோடையில் ஒரு சிறு விசிறி எல்லாம் வண்டி பாட்டரியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. விற்று முடித்துச் சாவியைத் திருகினால் செல்ப் எடுப்பதில்லை. வண்டி பாட்டரி ஒரு சில விநாடிகளுக்குப் பெரும் மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் வடித்தால் சில மாதங்களிலேயே தகடுகள் கெட்டுவிடும்.

ஆகவே இரண்டாவது பாட்டரி வைக்கிறார்கள். அதை முதல் பாட்டரியுடன் நேரே ஒயரால் இணைத்துவிடுவதில்தான் தவறு நேர்கிறது. அப்படி இணைத்தால் இரண்டும் சேர்ந்தே வடியும். இடையில் ரிலே வைத்தால் வடிவது நிற்கும். ஆனால் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகள் சிலவற்றில், எரிபொருள் மிச்சம் கருதி ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை வண்டியே குறைத்துக்கொள்கிறது. இரண்டாவது பாட்டரி நிரம்புவதே இல்லை. லித்தியம் பாட்டரியானால் நேர்மாறான தொல்லை: அளவின்றி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

இதற்கென உள்ளது ஒரு பாட்டரியிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றும் சார்ஜர். கடைகளில் டி.சி. டி.சி. சார்ஜர் என்று கேட்க வேண்டும். வெளிநாடுகளில் வண்டிக்குள்ளேயே சமைத்து உறங்கிப் பயணம் செய்வோர் இதை வெகுவாகப் பயன்படுத்துகின்றனர். 12.5 வோல்ட் உள்ளே வந்தாலும் 14.4 வோல்ட்டாக உயர்த்தி, குறித்த ஆம்பியருக்கு மேல் போகாமல் ஏற்றும்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர் வாங்குவது? முதலில் செலவுக் கணக்குப் போடுங்கள். 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, விசிறி 15 வாட், தராசு 5 வாட், ஆக 40 வாட். ஆறு மணி நேரத்துக்கு 240 வாட் மணி. 12-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர் மணி. வண்டி போக வர ஒரு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஆம்பியர் சார்ஜர் போதும் என்று தோன்றும். ஆனால் வெளியே 20 ஆம்பியர் தர, இழப்பும் சேர்த்து உள்ளே ஏறக்குறைய 26 ஆம்பியர் வேண்டும். விடியற்காலையில் முன்விளக்குகளும் எரிகின்றன. நெரிசலில் என்ஜின் மெதுவாகச் சுழல்கையில் ஆல்டர்னேட்டர் முழு அளவு தராது. அதன் தகட்டில் உள்ள ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சார்ஜருக்கு விட வேண்டாம் என்பது என் கருத்து. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிக்கு 12 ஆம்பியர் சார்ஜரே தகும். குறைவதை இரவில் வீட்டு மின்சாரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஈய அமில பாட்டரி முழுதும் நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேர ஓட்டத்தில் எந்தச் சார்ஜராலும் அதை நிரப்ப இயலாது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் வீட்டில் முழுதாக ஏற்றுதல் அவசியம்.

வாங்குகையில் உங்கள் பாட்டரி வகைக்கு ஏற்றபடி சார்ஜரை மாற்றி அமைக்க முடியுமா என்று பாருங்கள். ஈய அமிலத்துக்குரிய அமைப்பும் லித்தியத்துக்குரிய அமைப்பும் வேறு. வீட்டு இன்வெர்ட்டரின் உயரமான டியூபுலர் பாட்டரியை வண்டியில் ஏற்றாதீர்கள். குலுக்கலில் அமிலம் சிந்தும். பெரிய லாரிகள் 24 வோல்ட். அவற்றுக்கு வேறு சார்ஜர்.

இனி ஒயர். மலிவானது என்று மெல்லிய ஒயர் போட்டால் சார்ஜர் வாங்கிய பணம் வீண். 12 ஆம்பியர் சார்ஜர் உள்ளே இழுப்பது சுமார் 15 ஆம்பியர். மூன்று மீட்டர் தூரம் போய்த் திரும்ப, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 0.65 வோல்ட் குறைகிறது. 6 சதுர மில்லிமீட்டரில் 0.27 வோல்ட்தான். பல இழை கொண்ட 6 சதுர மில்லிமீட்டர் ஒயரையே போடுங்கள். சார்ஜரை இரண்டாவது பாட்டரிக்கு அருகில், காற்றுப் படும்படி பொருத்த வேண்டும். அதன் கட்டுப்பாட்டு முனையை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரில் இணையுங்கள். இல்லையேல் நின்ற வண்டியிலும் ஏற்றிக்கொண்டே இருக்கக்கூடும்.

பியூஸ் இரண்டு தேவை: முதல் பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 25 ஆம்பியர், இரண்டாவதிலிருந்து ஒரு சாணுக்குள் 20 ஆம்பியர். நான் பார்த்த ஒரு வண்டியில் சார்ஜர் பக்கம் மட்டும் பியூஸ் இருந்தது. இடையில் ஒயர் சேஸிஸில் உராய்ந்து தோல் போய், இருக்கைக்குக் கீழே கருகியிருந்தது. பியூஸ் போகவே இல்லை. மின்சாரம் அதுவரை வந்தால்தானே போகும்! துளை வழியே செல்லும் ஒயருக்கு ரப்பர் வளையம் போடுவதை மெக்கானிக்கிடம் வற்புறுத்திக் கேளுங்கள். புது வண்டியானால் வாரண்டி பாதிக்குமா என்று விற்பனையாளரிடம் முன்பே விசாரித்துவிடுவது நலம்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, சார்ஜர் ஏற்றிக்கொண்டிருக்கையில் மீட்டரால் முதல் பாட்டரியின் வோல்டேஜையும் சார்ஜரின் உள்முனை வோல்டேஜையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒயரோ இணைப்போ சரியில்லை. ஒரு மாதம் கழித்து, வண்டி ஓடி நின்றதும் முனைகளைத் தொட்டுப் பார்க்கவும். ஏதேனும் ஒன்று மட்டும் சூடாக இருந்தால், அங்கே திருகு தளர்ந்திருக்கிறது.