இப்பவே எடுத்துடலாமா, கடைசி வரைக்கும் விடலாமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி நள்ளிரவு 12.30 அல்லது 1.30 மணிக்குத் தொடங்கும். வல்லக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் அது ஊர் அடங்கும் நேரம் அல்ல. கார், லாரி, டயர், பைக் என்று ஆலைகள் மூன்று ஷிப்ட்டும் ஓடுகிற பகுதி இது. கேரளம், வங்கம், மணிப்பூர் என்று பந்தாட்டம் ஊறிய ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இங்கே உண்டு. ஆட்டத்தை ரசிப்பதோடு நின்றால் பேச்சே இல்லை. இரவு ஷிப்ட்டின் டீ பிரேக்கில், "மச்சி, பதினாலாயிரம் காட்டுது, எடுத்துடவா?" என்ற கேள்வி எழும்போதுதான் சிக்கல். இருநூறு ரூபாய் கட்டிய பந்தயம் பாதி வழியில் ஆயிரங்களாகத் திரையில் மின்னுகிறது. பக்கத்தில், ஆட்டம் முடியும் முன்பே அந்தத் தொகையை எடுத்துக்கொள்ள 'கேஷ் அவுட்' என்றொரு பொத்தான். அந்தப் பொத்தானைப் பற்றி அறைக்கு அறை ஒரு வியாக்கியானம் இருக்கிறது. அவற்றில் சிலவற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஐந்து ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டினால் சின்னக் காசில் பெரிய காசு பார்க்கலாம்.

உண்மை: பெரிய காசு பார்ப்பவர் யார் என்பதை ஆட்ஸே, அதாவது ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று சொல்லும் எண்ணே, சொல்லிவிடும். ஓர் ஆட்டத்துக்கு உள்ளூர் அணி 2.10, டிரா 3.30, எதிரணி 3.50 என்று ஆட்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வோர் எண்ணாலும் 100-ஐ வகுத்தால், பந்தயக் கம்பெனியின் கணக்கில் அந்த முடிவுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்பது கிடைக்கும்: 47.6, 30.3, 28.6. கூட்டினால் 106.5. நடக்கக்கூடிய எல்லாவற்றையும் கூட்டினால் 100-தானே வர வேண்டும்? மேலே நிற்கிற 6.5 கம்பெனியின் கமிஷன். அதாவது 100 ரூபாய் கட்டினால் சராசரியாகத் திரும்பி வருவது 94 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

ஓர் ஆட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஐந்து ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டும்போது அந்தக் கழிவும் ஐந்து முறை பெருக்கப்படும். 100 ரூபாயின் மதிப்பு 73 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஒவ்வொன்றும் 2.50 ஆட்ஸில் ஐந்து ஆட்டம் சேர்த்தால், ஐந்தும் ஜெயித்தால் 200 ரூபாய்க்கு 19,531 ரூபாய் என்று காட்டுவார்கள். அந்தத் தொகை கண்ணில் படும். நூற்றுக்கு 27 ரூபாய் கழிந்துபோனது படாது.

நம்பிக்கை 2: கேஷ் அவுட் என்பது நமக்காகச் செய்து கொடுத்த வசதி.

உண்மை: ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் ஒரு லட்ச ரூபாய் சீட்டை 30,000 தள்ளி 70,000-க்கு எடுப்போம். கேஷ் அவுட்டும் தள்ளி எடுப்பதுதான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. சீட்டில் எவ்வளவு தள்ளுவது என்று நாம் கேட்கிறோம். இங்கே கம்பெனி சொல்வதுதான் விலை. சீட்டில் தள்ளிய பணம் கமிஷன் போக மற்ற உறுப்பினர்களுக்கே கழிவாகப் போகிறது. பதிவுபெற்ற சீட்டு என்றால் அந்தக் கமிஷனுக்கும் 7 சதவீதம் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இங்கே தள்ளிய பணம் மொத்தமும் கம்பெனிக்கு, உச்சவரம்பும் கிடையாது.

மேலே சொன்ன பந்தயத்தில் நான்கு ஆட்டம் ஜெயித்தாயிற்று. ஐந்தாவதில் உங்கள் அணி 70-ஆவது நிமிடத்தில் 1-0 என்று முன்னிலை. அந்த அணிக்கு அப்போதைய ஆட்ஸ் 1.25. கம்பெனியின் சொந்த விலைப்படியே உங்கள் பந்தயத்தின் மதிப்பு 19,531-ஐ 1.25-ஆல் வகுத்தால் வருகிற 15,625 ரூபாய். பொத்தானில் காட்டுவதோ 14,000. பந்தயம் கட்டும்போது ஒரு முறை கமிஷன் எடுத்தார்கள். பாதியில் இறங்கும்போது இன்னொரு முறை எடுக்கிறார்கள். கூப்பிட்டு இறக்கிவிடுவதில் அவர்கள் காட்டும் அக்கறையின் காரணம் அதுதான்.

நம்பிக்கை 3: எடுப்பதா விடுவதா என்பது மனசு சொல்வதைப் பொறுத்தது.

உண்மை: மனசைக் கேட்கும் முன் ஒரே ஒரு வகுத்தல் போட்டால் போதும். பொத்தானில் காட்டும் தொகையை, முழுதாக ஜெயித்தால் வரும் தொகையால் வகுக்க வேண்டும். 14,000-ஐ 19,531-ஆல் வகுத்தால் 0.717, அதாவது 72 சதவீதம். உங்கள் அணி ஜெயிக்க 72 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு இருந்தால், எடுப்பது கணக்குப்படி நட்டம். குறைவாக இருந்தால் எடுப்பதே லாபம். சந்தை ஆட்ஸ் 80 சதவீதம் என்கிறது. அதிலிருக்கும் கமிஷனைக் கழித்தால் 77 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, அந்த நேரத்தில் பொத்தானை அழுத்துவதற்கான விலை சுமார் ஆயிரம் ரூபாய்.

அந்த ஆயிரத்தைக் கொடுப்பது எப்போதுமே முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1738-லேயே கணித அறிஞர் டேனியல் பெர்னூலி இதை எழுதிவிட்டார்: ஒரு தொகையின் பயன் எல்லோருக்கும் ஒன்றல்ல, ஏற்கெனவே அவரவரிடம் இருப்பதைப் பொறுத்தது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும் ஒருவருக்கு நிச்சயமான 14,000, நிச்சயமில்லாத 19,531-ஐவிடப் பெரிது. காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவதும் இதே கணக்கில்தான். என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே.

நம்பிக்கை 4: போட்டது 200 ரூபாய்தானே, போனால் போகட்டும்.

உண்மை: அந்த 200 எப்போதோ போய்விட்டது. இந்த நொடியில் நீங்கள் பணயம் வைத்திருப்பது 14,000 ரூபாயை. சம்பளக் கணக்கில் 14,000 கிடந்தால், அதை எடுத்து 70-ஆவது நிமிடத்தில் அந்த அணி மேல் 1.40 ஆட்ஸுக்குக் கட்டுவீர்களா? மாட்டீர்கள் என்றால் இங்கேயும் பதில் அதுதான். ஜெயித்த காசு நம் காசு இல்லை என்பதுபோல் அள்ளி விடும் இந்த மனப்போக்கை 1990-இல் ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் ஆராய்ந்து எழுதினார்கள். தேலருக்குப் பின்னால் பொருளாதார நோபலும் கிடைத்தது.

நம்பிக்கை 5: ஆபத்து வந்தால் உடனே அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

உண்மை: உங்கள் 'உடனே'யும் அவர்களின் 'உடனே'யும் வேறு. செல்போனில் ஓடும் நேரலை மைதானத்தைவிடப் பல நொடிகள் பின்தங்கியது. கம்பெனிக்குத் தகவல் மைதானத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்து வருகிறது. எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவது உங்கள் திரையில் தெரியும்போது அங்கே ஷாட்டே அடித்து முடிந்திருக்கலாம். அதனால்தான் பெனால்டி, சிவப்பு அட்டை, வீடியோ நடுவர் சோதனை என்று எது வந்தாலும் பொத்தான் சாம்பல் நிறமாகி உறைந்துவிடுகிறது. திரும்ப உயிர் வரும்போது தொகை மாறியிருக்கும். பொத்தான் உறையாத நேரத்தில் அழுத்தினாலும் சில நொடி சுற்ற விட்டுத்தான் ஏற்பார்கள். அதற்குள் கோல் விழுந்தால் 'விலை மாறிவிட்டது' என்று செய்தி வரும். வெள்ளம் வந்தால் பூட்டிக்கொள்ளும் கதவை அவசர வழி என்று நம்பக் கூடாது.

நம்பிக்கை 6: லெஸ்டர் மேல் கட்டியவர்களில் பாதியில் எடுத்தவன் ஏமாளி.

உண்மை: இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2014-15 பருவத்தில் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்து 14-ஆவது இடத்தில் முடித்த அணி. அடுத்த பருவத்தில் அது பட்டம் வெல்லும் என்பதற்கு ஒன்றுக்கு 5,000 என்று ஆட்ஸ் போட்டார்கள். கிளாடியோ ரனியேரியின் பயிற்சியில் அந்த அணி 2016 மே 2 அன்று பட்டத்தை உறுதிசெய்து, கடைசியில் 81 புள்ளிகளுடன், இரண்டாமிடத்து ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளி முன்னால் முடித்தது. 50 பவுண்டு கட்டியிருந்த ஒரு ரசிகர், பருவம் முடியும் முன்பே 72,335 பவுண்டுக்கு எடுத்துவிட்டார். காத்திருந்தால் 2,50,000.

வகுத்துப் பாருங்கள்: 29 சதவீதம். அன்றைக்கு அவர் முன் இருந்த கேள்வி, லெஸ்டர் ஜெயிக்க 29 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டா, 72,000 பவுண்டு இல்லாமல் போனால் தன் வாழ்க்கை தாங்குமா என்ற இரண்டுதான். மே மாதத்தில் தெரிந்த விடையை வைத்து மார்ச்சில் எடுத்த முடிவை மதிப்பிடுவது நியாயமில்லை. முடிவு நல்லதா என்பது வேறு, பலன் நன்றாக வந்ததா என்பது வேறு.

இந்தக் கதையில் யாரும் சொல்லாத பகுதி இன்னொன்று. அதுவரை பிரிமியர் லீக் தொடங்கி 24 பருவங்கள்கூட முடியவில்லை. ஐயாயிரத்தில் ஒன்று என்பது எங்கும் எண்ணிப் பார்த்து வந்த கணக்கல்ல, விளம்பரம் போல் ஒட்டிய விலை. அந்த ஒரு முறை விலை தப்பாகிப்போனது. அதே பருவத்திலும் அதற்கு முந்தைய பருவங்களிலும் மற்ற கடைநிலை அணிகள் மேல் கட்டிய பணத்தின் கதையை யாரும் செய்தியாக்குவதில்லை. வெல்ல வாய்ப்பே குறைந்த அணிகளின் ஆட்ஸ்தான் பந்தயக்காரனுக்கு மிக மோசமான பேரம் என்பதைக் குதிரைப் பந்தயத்தை ஆராய்ந்தவர்கள் 1940-களிலேயே கண்டுவிட்டார்கள்.

நம்பிக்கை 7: ஆட்டம் தெரிந்தவனுக்கு இது திறமை விளையாட்டு, சட்டப்படி தப்பில்லை.

உண்மை: இந்த வாதத்துக்கு மேற்கோள் காட்டப்படுவது கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன தீர்ப்பு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று அது சொன்னது உண்மை. ஆனால் அது கிண்டிக் குதிரைப் பந்தயத்துக்குச் சொன்னது, உங்கள் டெலிகிராம் ஏஜென்ட் கொடுத்த பந்தய 'ஐ.டி.'க்கு அல்ல. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் மட்டும் அதன் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆன்லைன் பந்தயத்துக்கான தடை நிற்கிறது. நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆடுபவருக்கும் தண்டனை உண்டு: மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவது, விளம்பரம் செய்வது, அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பது மூன்றையும் குற்றமாக்கியது. ட்ரீம் லெவன் போன்ற பெரிய கம்பெனிகளே அதோடு பணப்போட்டிகளை நிறுத்திக்கொண்டன. இன்றும் இங்கே கால்பந்துக்குப் பந்தயம் வாங்குகிறவர்கள் சட்டத்துக்கு வெளியே நின்று வாங்குகிறார்கள் என்று பொருள்.

நம்பிக்கை 8: பொத்தானை அழுத்தினால் பணம் நம்முடையது.

உண்மை: அழுத்தினால் திரையில் ஓர் எண் மாறும். பணம் நம்முடையது ஆவது வங்கிக்கு வந்த பிறகே. 72,335 பவுண்டு எடுத்த ரசிகருக்கும் இங்கே 14,000 எடுப்பவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: அவருக்கு எதிரே உரிமம் பெற்ற கடை இருந்தது, பணம் தராவிட்டால் போய்ச் சொல்ல ஓர் ஆணையம் இருந்தது. இங்கே இருப்பது ஒரு வாட்ஸ்அப் எண். 2023 நவம்பரில் மகாதேவ் உள்ளிட்ட 22 பந்தயச் செயலிகளையும் தளங்களையும் மத்திய அரசு ஒரே நாளில் முடக்கியது. இப்படி ஒரு தளம் மூடினால் அதில் காட்டிய எண்ணும் அதோடு போகும்.

ஆயிரம், இரண்டாயிரம் என்றால் சில நேரம் உடனே தருவார்கள்; நம்பிக்கை பிறக்கட்டும் என்றுதான். தொகை பெருத்ததும் 'முதலில் 30 சதவீத வரி கட்டு, பிறகு வித்ட்ரா' என்பார்கள். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு என்பது நிஜம். ஆனால் அதைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. வரி என்று சொல்லி யாரோ ஒருவரின் யு.பி.ஐ. எண்ணுக்கு முன்பணம் கேட்பது மோசடி.

பணம் வந்தாலும் தலைவலி தீராது. இந்த ஏஜென்டுகள் பணம் அனுப்புவது வாடகைக்கு எடுத்த ஊரார் கணக்குகளிலிருந்து. அந்தக் கணக்கின் மேல் எங்கோ ஒரு சைபர் புகார் இருந்தால், அதிலிருந்து பணம் வந்த உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். அது சம்பளக் கணக்காக இருந்தால் அந்த மாத வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் சேர்ந்தே மாட்டும். 'உன் கணக்கைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்' என்று யாராவது கேட்டால் அது உதவி அல்ல, வழக்கில் உங்கள் பெயர்.

ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர்கள் மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாமல், அனுப்பிய ஒவ்வொரு பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண்ணையும் திரைப்பிடிப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் உதவி எண்ணை அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறையும். விட முடியவில்லை, தூக்கம் போகிறது, கடன் ஏறுகிறது என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு ஒரு வகுத்தலில் விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை சரியாக வந்தாலும் காப்பாற்றுவது ஆயிரம் ரூபாயை. நூறில் 27-ஐ முதலிலேயே விட்டுக்கொடுத்து, கேட்க நாதியில்லாத ஓர் ஆளிடம் பணத்தைக் கொடுத்த முடிவு அதற்கு முன்பே எடுத்தாயிற்று. எந்த நிமிடத்தில் அழுத்தினாலும் அந்தப் பொத்தான் அதைத் திருத்தாது.