ஒளியும் பூனை: பயமா, நோயா?

பூனைக் காப்பகம் ஒன்றுக்கு நீங்கள் போவதாக வைத்துக்கொள்வோம். கம்பியில் உரசி, கத்தி அழைக்கும் பூனைகளுக்கு எப்படியும் ஒரு வீடு கிடைத்துவிடும். மூலையில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பூனையைத்தான் யாரும் கேட்பதில்லை. அதன் அட்டையில் 'எஃப்.ஐ.வி. உண்டு' என்றும் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். அதை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

எஃப்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். 1986-இல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பெட்டலூமா என்னும் ஊரில், ஒரே இடத்தில் வளர்ந்த பூனைகள் பல நோயுற்றன. டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் இந்த வைரஸைக் கண்டுபிடித்து, 1987-இல் அறிவித்தனர். மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி.க்கு இது தூரத்து உறவு. வெள்ளையணுக்களில் ஒரு வகையை அழித்து, நோயை எதிர்க்கும் ஆற்றலை மெல்ல மெல்லக் குறைக்கிறது.

உறவு என்றதும் அஞ்சிவிடாதீர்கள். இது மனிதருக்குத் தொற்றுவதில்லை. பூனைக்குப் பூனைகூடப் பெரும்பாலும் ஆழமான கடிகாயத்தின் வழியாகத்தான் பரவுகிறது. தெருவில் சண்டையிடும் ஆண் பூனைகளிடம் இது மிகுந்திருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? கருத்தடை செய்து, வெளியே விடாமல், பச்சை இறைச்சி கொடுக்காமல், ஆண்டுக்கு இருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவந்தால் இப்பூனை பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும்.

உண்மையான சிக்கல் அதன் கூச்சத்தில்தான் இருக்கிறது. பூனை எலிக்கு எமன். ஆனால் நாய் போன்ற பெரிய விலங்குகளுக்கு இரை. ஆகவே நோய் வந்தால் அதை வெளிக்காட்டாமல் ஒளிந்துகொள்ளும். பயந்தாலும் ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்கும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பயத்தை முதலில் பார்ப்போம். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தனர். பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் விரைவில் தணிந்ததாக 2014-இல் எழுதினர். எனவே பூனையை வெளியே இழுக்காதீர்கள். சிறிய அறையில் ஓர் அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் உணவு, எதிர்மூலையில் மண்தட்டு, இவை போதும். தரையில் அமர்ந்து உங்கள் பாடத்தை மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். (பூனைக்கு வரலாறு பிடிக்குமா என்று கவலைப்பட வேண்டாம்; குரல் பழகினால் சரி.) உற்றுப் பார்க்காமல், கண்களைப் பாதி மூடி மெல்ல இமையுங்கள். அதுவும் அவ்வாறே இமைக்கலாம். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதைச் சோதித்துக் காட்டினர்.

அடுத்தது நோய். இதற்கு ஒரு நோட்டும் சமையலறைத் தராசும் வேண்டும். இரவில் உணவை நிறுத்து வையுங்கள். காலையில் மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். பயந்த பூனை வீடு உறங்கியபின் வந்து தின்னும். நோயுற்றதோ தொடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், உடற்கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். பருத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே, 'புது இடம், பயத்தில் சாப்பிடவில்லை' என்று ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. கிண்ணத்தருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால், பசியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எஃப்.ஐ.வி. பூனைகளுக்கு ஈறு வீங்குவது வழக்கம், வாய் வலிக்கலாம்.

வாரம் ஒருமுறை எடை குறியுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைப்பது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்றும் எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆண் பூனை மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையானால் அன்றைக்கே, இரவானாலும், புறப்பட்டுவிடுங்கள்.

போகும்போது நோட்டை மறக்காதீர்கள். பூனையின் கூடையை ஒரு துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் நாய்கள் இருக்கும்.