ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று

அரசு நிதிப் பணி என்றதும் பலருக்கும் டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி தேர்வுகள்தான் நினைவுக்கு வரும். அங்கே மதிப்பெண்தான் பேசும், சுயவிவரத்துக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் எழுத்துத் தேர்வே இல்லாமல், சுயவிவரத்தையும் நேர்காணலையும் வைத்து ஆளெடுக்கும் இடங்களும் நிறைய இருக்கின்றன. தேசிய நலவாழ்வுக் குழுமம், ஊரக வாழ்வாதார இயக்கம் போன்றவற்றின் மாநில, மாவட்ட அலுவலகங்களில் கணக்கு மேலாளர் பணி, உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ கடன் தரும் திட்டங்களில் நிதி மேலாண்மை வல்லுநர் பணி, வாரியங்களில் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகர் பணி, ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான டெபுடேஷன் இடங்கள் எனப் பட்டியல் நீளும்.

அரசுக் கணக்குப் பிரிவில் இருந்த காலத்திலும் ஓய்வுக்குப் பிறகும் இத்தகைய பணிகளுக்கான விண்ணப்பப் பரிசீலனைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை தெரிந்தவர்கள், நேர்மையானவர்கள், ஒரு மாவட்டத்தின் கணக்கையே தோளில் சுமந்தவர்கள் நேர்காணல் வரைகூட வராமல் போவதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறது. அவர்களிடம் தகுதி இருந்தது. அது தாளில் தெரியவில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சுயவிவரம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவினர் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். அரசில் அப்படிச் செய்ய முடியாது. நாளைக்கு யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ஏன் இவரை அழைத்தீர்கள், ஏன் அவரை விட்டீர்கள் என்பதற்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். அதனால் பிரிவு உதவியாளர் ஒருவர் எக்செல் அட்டவணை போட்டு உட்காருவார். வயது, கல்வித் தகுதி, தகுதிக்குப் பிந்தைய அனுபவம், அரசுத் திட்ட அனுபவம், கணினி அறிவு என்று அறிவிக்கையில் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு கட்டம் இருக்கும். உங்கள் விண்ணப்பத்தில் விடை கிடைத்தால் நிரப்புவார். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றுதான் எழுதுவார். ஊகித்து எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. குழுவின் முன் முதலில் வருவது அந்த அட்டவணைதான், உங்கள் அழகான மூன்று பக்கங்கள் பிறகுதான்.

ஆகவே அந்த அட்டவணையை நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் டெபுடேஷன் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதில் இடப்பக்கம் அறிவிக்கை கேட்கும் தகுதியும் அனுபவமும், வலப்பக்கம் விண்ணப்பதாரரிடம் இருப்பது என இரண்டு பத்தி உண்டு. அந்த ஏற்பாட்டைப் படிவமே இல்லாத ஒப்பந்தப் பணி விண்ணப்பங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது நான் எல்லோருக்கும் முதலில் சொல்லும் யோசனை. சுயவிவரத்தின் முதல் பக்கத்திலேயே, அறிவிக்கையில் உள்ள அதே வரிசையில், அதே சொற்களில் இடப்பக்கத்தை எழுதுங்கள். வலப்பக்கத்தில் உங்கள் பதிலும், அதற்கான சான்று எந்த இணைப்பில் இருக்கிறது என்ற எண்ணும் வரட்டும். படிவம் கொடுத்திருந்தால் அந்தப் படிவத்தில்தான் அனுப்ப வேண்டும், ஒரு கட்டத்தைக்கூட மாற்றக் கூடாது. அதையும் மீறிச் சொல்ல இருந்தால் தனித்தாள் இணையுங்கள்.

அடுத்து தேதி. நிதிப் பணி விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். 'ஐந்து ஆண்டு அனுபவம்' என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த நாளில் சேர்ந்தீர்கள், எந்த நாளில் விலகினீர்கள், முழுநேரமா, பகுதிநேரமா, அறிவிக்கை சொல்லும் கடைசி நாளன்று மொத்தம் எத்தனை ஆண்டு, மாதம், நாள் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கணக்குத் துறை ஆள் தன் அனுபவத்தையே கூட்டிக் காட்டாவிட்டால் குழுவுக்கு என்ன எண்ணம் வரும்?

சி.ஏ., சி.எம்.ஏ. முடித்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'தகுதிக்குப் பிந்தைய அனுபவம்' என்று அறிவிக்கை கேட்டால், ஆர்ட்டிகிள்ஷிப் காலம் அதில் வராது. ஆர்ட்டிகிள்ஷிப்பையும் சேர்த்துக் கூட்டி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். பரிசீலனையில் அந்த ஆண்டுகள் கழிந்ததும் தகுதி வரம்புக்குக் கீழே போய்விடுகிறார்கள். இரண்டையும் தனித்தனித் தலைப்பில் காட்டுங்கள். இன்டர் மட்டும் தேறியவர்கள் 'சி.ஏ. (இன்டர்)' என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். அதையே தகுதியாகக் கேட்கும் பணிகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி முக்கியமான பகுதி, செய்த வேலையை எழுதுவது. பெரும்பாலான சுயவிவரங்களில் 'கணக்குப் பணிகள் அனைத்தையும் கவனித்தேன்', 'கேஷ் புக் பராமரித்தேன்', 'தணிக்கைக்கு உதவினேன்' என்று இருக்கும். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கை எழுதியவரும், மாநில அளவில் நூறு கோடியைக் கையாண்டவரும் இதே மூன்று வரியைத்தான் எழுதுகிறார்கள். குழு எப்படிப் பிரித்தறியும்?

ஒவ்வொரு பணிக்கும் எந்தத் திட்டம், எவ்வளவு நிதி, எத்தனை அலகுகள், எந்த விதி அல்லது தளம், உங்கள் கை எதுவரை சென்றது, கடைசியில் என்ன நடந்தது ஆகிய அனைத்தும் வர வேண்டும். சுயவிவரம் ஆங்கிலத்தில் இருக்கும் என்றாலும் மாதிரிக்குத் தமிழில் சொல்கிறேன். 'மாவட்டத் திட்ட அலுவலகக் கணக்கு அலுவலர். 12 வட்டாரங்களின் மாதச் செலவு அறிக்கைகளைச் சரிபார்த்துத் தொகுத்தேன், ஆண்டுக்குச் சுமார் 8 கோடி ரூபாய். ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரித்து மாநில அலுவலகத்துக்கு அனுப்பினேன். 2021-ல் ஒற்றை முகமைக் கணக்கு முறைக்கு மாறியபோது, வட்டாரங்களின் பழைய வங்கிக் கணக்குகளைச் சரிக்கட்டி, மீதித் தொகையைத் திருப்பிச் செலுத்தி, கணக்குகளை மூடும் பணியைச் செய்தேன்.' எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் இதைப் படிக்கும் நிதி அலுவலர் நிமிர்ந்து உட்காருவார். 2021 ஜூலை முதல் நடப்புக்கு வந்த அந்த மாற்றம் எவ்வளவு தலைவலியாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் தெரியாத கணக்குகளும், பாஸ்புக் கிடைக்காத கணக்குகளும் கிடந்தன. அதைச் செய்து முடித்தவர் வேலை தெரிந்தவர்.

'உங்கள் கை எதுவரை' என்று சொன்னேனே, அதில் துளியும் மிகைப்படுத்தாதீர்கள். பிஎஃப்எம்எஸ் தளத்தில் பணப்பட்டுவாடாவைப் பதிவு செய்த மேக்கரா, சரிபார்த்து ஒப்புதல் தந்த செக்கரா? ஐஎஃப்எச்ஆர்எம்எஸ்ஸில் பட்டியலைத் தயாரித்தவரா, பணம் பெற்று வழங்கும் அலுவலராகக் கையெழுத்திட்டவரா? நேர்காணலில் இதைத்தான் முதலில் கேட்போம். மேக்கராக இருந்தது எந்த வகையிலும் குறைவில்லை. இல்லாத அதிகாரத்தை எழுதிவிட்டு இரண்டாவது கேள்வியில் தடுமாறுவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. உலக வங்கித் திட்டங்களுக்குத் தரும் சுயவிவரத்தின் கீழே தவறான தகவல் இருந்தால் நீக்கத்துக்கு உட்படுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனியார் நிறுவனத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாபத்தைக் கூட்டினேன், செலவை 20 சதவீதம் குறைத்தேன் என்பவை அங்கே பெரிய சாதனைகள்தான். அரசுக் கணக்கில் நாங்கள் பார்ப்பது வேறு. ஒதுக்கிய பணம் ஒதுக்கிய நோக்கத்துக்கே போனதா? மார்ச் கடைசியில் அள்ளித் தெளிக்காமல் ஆண்டு முழுக்கச் சீராகச் செலவானதா? முன்பணங்கள் நேர்செய்யப்பட்டனவா? செலவாகாத பணமும் அதற்கான வட்டியும் திரும்பிச் சென்றனவா? நீங்கள் செய்த வேலையில் இவற்றோடு தொடர்புள்ளதைத் தேடி எடுங்கள். கட்டுமான நிறுவனத்தில் இருந்து ஓர் அரசு ஒப்பந்தத்தைக் கையாண்டிருந்தால், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ன்படி நடந்த டெண்டரை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். ஜிஎஸ்டியில் அரசுத் துறைகள் பிடிக்கும் 2 சதவீத டிடிஎஸ்ஸைக் கணக்கில் நேர்செய்தவராக இருப்பீர்கள். அந்த அனுபவம் எங்களுக்குத் தேவை. அதை எழுதாமல் 'டீம் பிளேயர்' என்று எழுதுகிறார்கள்.

தணிக்கை பற்றி எழுதப் பலரும் தயங்குகிறார்கள். ஏஜி ஆடிட்டில் ஆட்சேபணை வந்தது என்று சொன்னால் நம் மேல் கறை படியுமோ என்ற பயம். ஆட்சேபணை வராத அலுவலகம் எது? எத்தனை பத்திகள் நிலுவையில் இருந்தன, எத்தனைக்குப் பதிலும் ஆவணமும் தந்து முடித்துவைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். என் கணிப்பில், நிதிப் பணிச் சுயவிவரத்தில் இதைவிட வலுவான வரி கிடையாது. பழைய பத்திகளைத் தேடிப் பிடித்து, ஓய்வு பெற்றுப் போனவர்களிடம்கூட விவரம் கேட்டு, பதில் எழுதி முடித்தவர் எந்த அலுவலகத்துக்கும் வரம். உள்ளாட்சித் தணிக்கை, சி.ஏ. நிறுவனம் செய்யும் உடன்தணிக்கை, சட்டபூர்வத் தணிக்கை, சிஏஜி தணிக்கை என்று எதை எதிர்கொண்டீர்கள் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கடன் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள், காலாண்டு இடைக்கால நிதி அறிக்கையை, அதாவது ஐயூஎஃப்ஆரை, தயாரித்த அனுபவம் இருந்தால் அதைத் தனி வரியாக மேலே கொண்டுவாருங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் அனுப்புவது பல திட்டங்களில் உள்ள கெடு. அந்தக் கெடுவுக்குள் அனுப்பிவந்தேன் என்று சொல்ல முடிந்தால் அதுவே போதும்.

டேலி தெரியும், எக்செல் தெரியும் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எக்செலில் வங்கிச் சரிக்கட்டல் பட்டியல் போடுவீர்களா, பல அலகுகளின் செலவைத் தொகுப்பீர்களா என்று சொல்லுங்கள். தமிழில் கோப்புக் குறிப்பு எழுதத் தெரிந்தால் மறக்காமல் குறிப்பிடுங்கள். மாநில அலுவலகங்களில் கோப்புகள் தமிழில் நகர்கின்றன. நிதி ஆலோசகராக வந்தவர் ஆங்கிலத்தில் மட்டுமே குறிப்பு எழுதினால் அதைத் தமிழாக்க இன்னொருவர் உட்கார வேண்டியிருக்கிறது. புகைப்படம், எழுத்துரு, தாளின் நிறம் பற்றியெல்லாம் அதிகம் கவலைப்பட வேண்டாம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. திறமையைக் காட்டுவதாக நினைத்து முந்தைய அலுவலகத்தின் ஆவணங்களை இணைத்து அனுப்புகிறார்கள். வரைவுத் தணிக்கை அறிக்கை, பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்கள், ஊழியர் சம்பளப் பட்டியல் எல்லாம் வந்திருக்கின்றன. நாளைக்கு நம் அலுவலகக் கோப்பையும் இவர் இப்படித்தான் எடுத்துச் செல்வார் என்று குழுவுக்குத் தோன்றிவிட்டால், அதற்குப் பிறகு எந்தத் தகுதியும் கைகொடுக்காது.

அரசுப் பணியில் இருந்தபடியே டெபுடேஷனுக்கு விண்ணப்பிக்கும் நண்பர்களே, உங்கள் சுயவிவரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உரிய வழியில், துறைத் தலைமை மூலமாகத்தான் போய்ச் சேர வேண்டும். கடந்த ஐந்தாண்டு ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், நேர்மைச் சான்று, விஜிலென்ஸ் தடையின்மை, பத்தாண்டுகளில் விதிக்கப்பட்ட தண்டனைகள் பற்றிய அறிக்கை ஆகியவை சேராமல் கோப்பு முழுமை பெறாது. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசையில் நிற்கும். அறிவிக்கை வந்த நாளிலேயே நடக்கத் தொடங்குங்கள்.

ஒப்பந்தப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் முடிகிற நாளிலேயே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையாண்ட திட்டம், பொறுப்புகள், அலுவலக முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். திட்டம் மூடப்பட்டு, அலுவலகம் காலியாகி, திட்ட இயக்குநர் மாறுதலில் போன பிறகு அதைத் தருவதற்கு ஆளே இருக்க மாட்டார்கள். ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள், பணி நியமன ஆணை, நீட்டிப்பு ஆணைகள், படிவம் 16, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை இப்போதே திரட்டி வையுங்கள். மார்ச் மாதத்தில் மட்டும் எந்தக் கணக்குப் பிரிவிலும் போய்ச் சான்றிதழ் கேட்காதீர்கள், மே மாதம் போங்கள்.