ஈரப் படங்கும் மூன்று போத்தல் கஷாயமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மழை பிடித்தால் வெள்ளைபடுதலும் தாங்க முடியாத அரிப்பும் வந்துவிடும். இந்த வருடத்தில் இது நான்காவது தடவை. மார்புக்குக் கீழும் தொடை இடுக்கிலும் சிவந்து கிடக்கிறது. எந்நேரமும் களைப்பு. கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "உடம்பெல்லாம் ஈஸ்ட் பரவியிருக்கு; சீனி, மா, சோறு எல்லாத்தையும் நிப்பாட்டணும்" என்று சொல்லி, மூன்று போத்தல் மூலிகைக் கஷாயம் அனுப்பியிருக்கிறான். விடியக்காலையில் கிளாஸ் தண்ணீரில் எச்சில் துப்பியும் பார்த்தோம். நூல் நூலாக இறங்கியது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்படுகிறார். இங்கிலீஷ் மருந்து இல்லாமல் இதைச் சுகப்படுத்த முடியாதா?
– பெயர் வேண்டாம், நோட்டன் பிரிட்ஜ்

பதில்: முதலில் அந்தக் கிளாஸ் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எச்சிலில் சளியும் காற்றுக் குமிழியும் இருக்கின்றன. யார் துப்பினாலும் கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் நூலாக இறங்கும். நான் துப்பினாலும் அப்படித்தான்.

கென்டிடா என்ற இந்த ஈஸ்ட் வெளியிலிருந்து வந்த பகையாளி அல்ல. சுகமாக இருப்பவர்களின் வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் கூட அது குடியிருக்கிறது. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த அரிப்பு வருவதாகக் கணக்கு. ஆகவே வெட்கப்பட எதுவும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கென்டிடா இரத்தத்தில் கலந்து உண்மையிலேயே உடம்பெல்லாம் பரவுவது உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பார். கூடையைச் சுமந்து மலையேற மாட்டார்.

தம்பி பார்த்த வீடியோவின் வேர் பழையது. 1983இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் குரூக் எழுதிய புத்தகம்தான் களைப்பு, தலைவலி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் ஈஸ்டே காரணம் என்ற பேச்சைப் பரப்பியது. 1990இல் அங்கேயே 42 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஈஸ்ட் மருந்தைக் கொடுத்தபோது பெண்ணுறுப்பு அரிப்பு தணிந்தது. களைப்பும் மற்ற உடல் உபாதைகளும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையில் குறைந்த அளவுக்குத்தான் குறைந்தன.

அப்படியானால் அம்மாவின் களைப்பு எதனால்? இரத்தத்தைப் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. இரத்தச்சோகையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரொட்டி சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். சோற்றையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டு மலையில் நின்றால் மயக்கம்தான் வரும்.

சரி, உடம்பிலேயே குடியிருந்த ஈஸ்ட் ஏன் திடீரென்று பெருகியது? உங்கள் கடிதத்திலேயே ஒரு பதில் இருக்கிறது: "மழை பிடித்தால்." விடிய இடுப்பில் கட்டிய படங்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, வியர்வையும் சேர்ந்து, அந்த ஈரத்தோடேயே பொழுது சாயும்வரை நிற்கிறார். லயத்துக்கு வந்து துவைத்துப் போட்டாலும் அந்தப் பனிமூட்டத்தில் துணி காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்து புகை வாடையோடு அரை ஈரமாக இருப்பதையே மறுநாள் உடுத்துகிறார். ஈஸ்டுக்கு இதைவிடச் சுகமான இடம் ஏது?

இரண்டாவது காரணம் சீனி வருத்தம். 46 வயதில், வருடத்தில் நான்கு தடவை, தோல் மடிப்பிலும் சிவப்பு என்றால் நான் முதலில் கேட்பது அதைத்தான். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 126ஐ எட்டினாலே நீரிழிவு. இன்னொரு நாள் பார்த்து உறுதி செய்வார்கள். அதைக் கட்டுப்படுத்தாமல் எந்தக் கஷாயம் குடித்தாலும் அரிப்பு திரும்பி வரும். மூன்றாவது, தடிமன் காய்ச்சலுக்கெல்லாம் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்கும் அன்டிபயோட்டிக். ஈஸ்டை அடக்கி வைத்திருக்கும் நல்ல பக்டீரியாவை அது கொன்றுவிடுகிறது.

நீங்கள் கேட்ட இயற்கை வைத்தியம் இந்தக் காரணங்களில்தான் தொடங்குகிறது. பருத்தி உள்ளாடை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூடையோடு கொண்டுபோய், மதியம் மாற்றிக்கொள்ளட்டும். காயாத துணியை அயன் பண்ணி உடுத்தலாம். குளித்ததும் மடிப்புகளை ஒற்றித் துடைக்க வேண்டும். கழுவ வெறும் தண்ணீர் போதும். வாசனைச் சவர்க்காரமும் கிருமிநாசினியும் வேண்டாம்.

யோகட் சாப்பிடலாம், நல்ல உணவு. ஆனால் அதனால் இந்த நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. தேங்காய் எண்ணெய் ஆய்வுகூடத்தில் கென்டிடாவைத் தடுத்திருக்கிறது. கண்ணாடித் தட்டில் நடந்ததெல்லாம் உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைப்பூட்டையோ வினாகிரியையோ உள்ளே வைக்கவே கூடாது, வெந்துவிடும். போத்தல் கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குடிக்க வேண்டாம்.

வந்துவிட்ட தொற்றுக்கு மருந்துதான் வழி. தயிர்க்கட்டி போல, வாடை இல்லாமல், அரிப்போடு வெள்ளைபட்டால் பெரும்பாலும் கென்டிடா. மீன் வாடை அடித்தாலோ, பச்சை மஞ்சளாக நுரைத்தாலோ அது வேறு தொற்று, மருந்தும் வேறு. சாதாரணத் தொற்றுக்கு குளோட்ரிமசோல் உள்வைப்பு மாத்திரையோ 150 மில்லிகிராம் ஃபுளுகொனசோல் ஒன்றோ போதும். அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு ஃபுளுகொனசோலை வாரம் ஒன்றாக ஆறு மாதம் கொடுப்பதும் உண்டு. இதைக் கடையில் தாமாகவே வாங்க வேண்டாம். சில சீனி மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். கர்ப்பிணிகள் விழுங்கக் கூடாது.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் கேளுங்கள். சீனி, பிரஷர், மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அம்மாவின் வயதுக்கு அது எப்படியும் தேவை. இடையில் இரத்தம் பட்டாலோ, அடிவயிறு வலித்துக் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மலையில் உடுப்பு மாற்ற ஒரு மறைவிடமோ மலசலகூடமோ இல்லாதபோது, "ஈரத்தோடு நிற்காதே" என்று அம்மாவுக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயம் இல்லை. தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத்திலும் இதைப் பேசுங்கள். மற்றப் பெண்களுக்கும் இந்த அரிப்பு இருக்கும். யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: முட்டுக்காக 'பம்ப்' அடிக்கும் என் அப்பாவின் நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. இதுவும் ஈஸ்ட்தானா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: ஸ்டெரொய்ட் பம்ப் என்றால் அப்படித்தான் தெரிகிறது. அதற்காகப் பம்பை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறை அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றி வைக்கட்டும். போகாவிட்டால் வைத்தியர் நிஸ்டட்டின் சொட்டு மருந்து தருவார். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1950இல் அறிவித்த மருந்து அது. வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். மண்ணில் விளைந்த மருந்து என்று சொன்னால் அப்பாவும் தட்டாமல் குடிப்பார்.